கல்யாண வீடியோ ஏமாற்றிவிட்டால்: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

அக்கா மகள் கல்யாண வீடியோ விஷயம் சொந்தபந்தங்களுக்குள் பரவியதிலிருந்து, தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் என்னிடம் ஏதாவது கேட்டபடியே இருக்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வீடியோ எடுத்தவரின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் பெயரைத் தெரிந்துகொள்வதைவிட, இது ஏன் நடந்தது, நடந்தால் என்ன செய்யலாம் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்னதான் நடந்தது?

சனிக்கிழமை மாலை வீட்டில் நலங்கு, ஞாயிறு காலை ஹாலில் முகூர்த்தம். இரண்டுக்கும் சேர்த்து 18,000 ரேண்ட் பேசி, பாதியை முன்பணமாகக் கட்டினோம். இரண்டு கேமரா, ஒரு ட்ரோன், ஒரு சின்ன டிரெய்லர், முழு நீளப் படம் என்று வாட்ஸப்பில் எழுதித் தந்தார். கல்யாணம் வைகாசியில். ஆனி முடிவதற்குள் தருகிறேன் என்றவர், ஆடி முழுக்க "எடிட்டிங் நடக்கிறது" என்றே பதில் சொல்லி, ஆவணியில்தான் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

போட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளையின் ஷூ, கைக்கடிகாரம், ஹால் வாசலில் நின்ற வாடகைக் கார் எல்லாம் ஸ்லோ மோஷனில் நன்றாகவே இருந்தன. கெட்டிமேளம் கேட்கிறது, எழுந்து நிற்கிறவர்களின் முதுகு தெரிகிறது, அடுத்த காட்சியில் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறிவிட்டது. கட்டுவதைக் காணோம். அதைவிடப் பெரிய அடி நலங்கில் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் நலங்குப் பாட்டு முழுதாகத் தெரிந்தவர் பாட்டி ஒருவர்தான். அவர் மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசிக்கொண்டே பாடிய பாட்டின் மேல் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். பாட்டியின் வாய் அசைகிறது, குரல் இல்லை. அக்கா அந்த இடத்தில் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

படம் சரியில்லை என்று தெரிந்ததும் முதல் வேலை என்ன?

எடிட் செய்யாத மூலப் பதிவுகளைக் கேளுங்கள். அன்றைக்கே கேளுங்கள். பணம், மன்னிப்பு, மறு எடிட்டிங் எல்லாம் அதற்குப் பிறகு.

காரணம் எளிது. வீடியோ எடுப்பவர்கள் மெமரி கார்டை அழித்துத்தான் அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போகிறார்கள். வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய வேலைகளைத் தூக்கிவிடுகிறார்கள். இந்த நாட்டுச் சட்டப்படி பணத்துக்கு வழக்குப் போட உங்களுக்கு பொதுவாக 3 வருஷம் அவகாசம் உண்டு. கோப்புகளுக்கு அந்த அவகாசம் கிடையாது. முதல் நாளே போனில் கத்திவிட்டால், அந்த ஆள் அடுத்த அழைப்பை எடுக்க மாட்டார். எங்கள் மாமா கத்தத் தயாராக இருந்தார், நாங்கள்தான் பிடித்து நிறுத்தினோம்.

இப்படி எழுதினோம்: "தம்பி, எங்கள் கல்யாணத்தில் எடுத்த எடிட் செய்யாத எல்லா வீடியோக்களும் தனியாகப் பதிவான ஒலிக் கோப்புகளும் எங்களுக்கு வேண்டும். தயவுசெய்து எதையும் அழிக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க் நாங்களே கொண்டுவருகிறோம். எந்த நாள் வரலாம்?" குறை ஒன்றும் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்கை நீங்களே கொண்டுபோவது முக்கியம். 4கே தரத்தில், விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். இரண்டு கேமரா ஆறு மணி நேரம் ஓடியிருந்தால் 540 ஜிபி. "இணையத்தில் ஏற்றி லிங்க் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஏற்றவே மாட்டார். 1 டிபி டிஸ்கோடு வாசலில் போய் நின்றால் வேலை முடியும்.

அந்தப் பதிவுகளில் ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது. இரண்டாவது கேமராவை மேடைக்கு வலப்பக்கம் முக்காலியில் நிறுத்திவிட்டு ஆளில்லாமல் ஓடவிட்டிருக்கிறார்கள். அதில் ஐயர் குனிகிறார், அவர் தோளுக்கும் மணவறைத் தூணுக்கும் நடுவே மாப்பிள்ளையின் இரண்டு கைகள், பின்னால் நாத்தனார் விளக்கோடு நிற்கிறாள், முதல் முடிச்சு விழுவது தெளிவாகத் தெரிகிறது. கொஞ்சம் இருட்டு, சட்டகம் கோணல். அந்த இரண்டு குறைக்காக எடிட்டர் அதை வெட்டி எறிந்துவிட்டார். பாட்டியின் பாட்டும் முழுசாக இருந்தது, பின்னால் குழந்தைகள் கத்துகிற சத்தத்தோடு. தமிழ் தெரியாத எடிட்டரின் காதுக்கு அது கூட்டத்தின் இரைச்சல்.

படம் மோசம் என்பதற்காகப் பதிவும் மோசம் என்று முடிவுகட்டாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

தாலி கட்டுவதைக்கூடத் தவறவிடுவார்களா?

தவறவிடுகிறார்கள், அதற்குக் காரணங்களும் உண்டு. பல பழைய கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடி ஓடியதும் தானாக நின்றுவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தால் ஐரோப்பாவில் வீடியோ கேமராவுக்கான வரி விழும் என்று தயாரிப்பாளர்களே வைத்த வரம்பு அது. கன்னிகாதானத்தின்போது பொத்தானை அழுத்திவிட்டு அப்படியே விட்டால், கெட்டிமேளம் நேரத்தில் கேமரா சும்மா நிற்கும். பேட்டரி தீர்வது, கார்டு நிறைவது, கேமரா சூடாகி அணைந்துபோவது எல்லாம் நடக்கிறதுதான்.

ஆனால் பெரிய காரணம், எடுப்பவருக்குச் சடங்கின் வரிசை தெரியாதது. இங்கே வெள்ளைக்காரர் கல்யாணம், குஜராத்திக் கல்யாணம், நம் கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான் போகிறார். தாலித் தட்டு தேங்காயோடு பெரியவர்களிடம் ஆசி வாங்கச் சபையைச் சுற்றி வருகிறதே, அதுதான் எச்சரிக்கை மணி. தட்டு கீழே இறங்கியதுமே கார்டையும் பேட்டரியையும் மாற்றி, பதிவை ஒருமுறை நிறுத்திப் புதிதாகத் தொடங்கிவிட வேண்டும். தட்டு மேடைக்குத் திரும்பும்போது ஒரு கேமரா மேடைக்கு மேலேயே, ஐயருக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். கெட்டிமேளம் கேட்ட பிறகு கீழேயிருந்து ஓடிவந்தால் அட்சதை போடுகிறவர்களின் கைகளும் செல்போன்களும்தான் பதிவாகும்.

இதை அவரிடம் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் வேண்டும். பெண்ணின் தாய்மாமனுக்கு ஆயிரம் வேலை. சித்தப்பா பையனோ ஒன்றுவிட்ட அண்ணனோ, சடங்கு தெரிந்த ஒருவர் காலை முழுக்க அவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

படத்தில் வெளிச்சம் கோடு கோடாக ஓடுகிறது, இது எதனால்?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹாலின் விளக்குகள் அந்தத் துடிப்பில் எரிகின்றன. கேமராவை அமெரிக்க முறைக்கு வைத்து விநாடிக்கு 30 அல்லது 60 சட்டகம் எடுத்தால் கோடுகள் ஓடும். 25 அல்லது 50 சட்டகம், ஷட்டர் வேகம் விநாடியில் 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் வராது. எடுத்த பிறகு முழுசாகச் சரிசெய்வது கடினம்.

நாதஸ்வரம் கரகரவென்று கேட்கிறது, மந்திரம் கேட்கவே இல்லை?

கேமராவின் சொந்த மைக்கை நம்பி எடுத்திருக்கிறார். நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் வாசித்தால் ஒலி அளவு எகிறி உடைந்துபோகும். உடைந்த ஒலியை ஒட்டவைக்க முடியாது. தானாக அளவைக் குறைக்கும் கேமராவாக இருந்தால், மேளம் நின்றதும் ஐயரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். மாப்பிள்ளையின் சட்டையிலோ ஐயரின் மேல்துண்டிலோ ஒரு சின்ன வயர்லெஸ் மைக், மேளக்காரர்களிடமிருந்து சற்றுத் தள்ளி அளவு குறைத்து வைத்த ஒரு ரெக்கார்டர், இவை இரண்டும் போதும். இன்னொன்று: பல கேமராக்களில் ஸ்லோ மோஷனில் எடுக்கும்போது ஒலி பதிவாகாது. பேச்சோ பாட்டோ நடக்கும் இடத்தில் ஸ்லோ மோஷன் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூலப் பதிவு தர முடியாது, அது என் சொத்து என்கிறார். சரியா?

தென்னாப்பிரிக்காவில் அவர் சொல்வது பெரும்பாலும் சரியில்லை. 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து, அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, எடுக்கச் சொன்ன படத்துக்கும் வீடியோவுக்கும் பதிப்புரிமை காசு கொடுத்தவருக்கே. பல நாடுகளில் இது தலைகீழ், அதனால் வெளிநாட்டு ஒப்பந்தத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியவர்கள் தைரியமாக இப்படிச் சொல்கிறார்கள்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒப்பந்தத்தில் "உரிமை எனக்கே" என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அது செல்லும், சட்டமே அதற்கு இடம் தருகிறது. இரண்டு, பதிப்புரிமை உங்களிடம் இருப்பதும், கார்டில் உள்ள எல்லாக் கோப்புகளையும் அவர் கையில் கொடுக்கக் கடமைப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. அந்தக் கடமையை எழுதி வாங்கினால்தான் பலம். எழுதாமல் போயிருந்தால் மரியாதையாகக் கேளுங்கள், பிரதி எடுக்கும் நேரத்துக்கு ஒரு தொகை கேட்டால் நியாயமாக இருக்கும்வரை கொடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் அது நல்ல செலவு.

கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேட்கலாம். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54ஆம் பிரிவு. சொன்ன நேரத்தில் வேலை முடிய வேண்டும், தாமதமானால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், பொதுவாக எதிர்பார்க்கக்கூடிய தரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், அல்லது குறைக்குத் தகுந்த அளவு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முழுப் பணமும் என்று சட்டம் சொல்லவில்லை, நியாயமான பங்கு என்றுதான் சொல்கிறது. நாங்கள் மறு எடிட்டிங்கும் மீதித் தொகையில் ஒரு பகுதித் தள்ளுபடியும் கேட்டோம். அவர் முகம் சுளித்துக்கொண்டாவது ஒப்புக்கொண்டார்.

ஒரே நாளில் இரண்டு கல்யாணத்தை ஒப்புக்கொண்டு, கடைசி நேரத்தில் உங்களுடையதைக் கைவிட்டால் அது வேறு பிரிவு, 47. வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும், அதனால் உங்களுக்கு நேரடியாக ஆன செலவையும் ஏற்க வேண்டும்.

ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போவது சிரமமா?

பயப்படுகிற அளவுக்கு இல்லை. சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட் அது. 2019 ஏப்ரலில் அங்கே கேட்கக்கூடிய தொகையின் உச்சவரம்பை 20,000 ரேண்டாக உயர்த்தினார்கள். உங்கள் கோரிக்கை அதைத் தாண்டினால் மிச்சத்தை விட்டுக்கொடுத்து உள்ளே வரலாம். வக்கீல் இரு பக்கமும் வரக் கூடாது, அதனால் அவர் வசதியானவர், நாம் சாதாரணமானவர் என்ற வித்தியாசம் அங்கே எடுபடாது. முதலில் கோரிக்கைக் கடிதம் கொடுத்து 14 நாள் விட வேண்டும். பதில் இல்லையென்றால் அவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதியின் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருக்கும் கிளார்க்கிடம் கடிதத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, வாட்ஸப் உரையாடலின் அச்சு எல்லாம் கொண்டுபோங்கள். சம்மன் எழுத அந்தக் கிளார்க்கே உதவுவார்.

ஒரு நுணுக்கம்: "கோப்புகளைக் கொடு" என்று மட்டும் கேட்காதீர்கள். "கோப்புகளைக் கொடு, இல்லாவிட்டால் இவ்வளவு பணம் கொடு" என்று கேளுங்கள். பணத்தை மாற்றாகக் கேட்காமல் ஒரு வேலையைச் செய்யச் சொல்லி மட்டும் கேட்கும் வழக்குகள் பொதுவாக அந்தக் கோர்ட்டின் வரம்புக்குள் வராது.

மன வேதனைக்கு இழப்பீடு உண்டா?

கிடையாது. ஒப்பந்தம் மீறப்பட்டதற்காக மனக்கஷ்டத்துக்குப் பணம் கேட்க முடியாது என்று 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. திரும்ப வராத ஒரு காலைப் பொழுதைத் தொலைத்தவரிடம் ரசீதுத் தொகையை மட்டும் பேசுவது எந்தக் கணக்கு? ஆனாலும் சட்டம் இதுதான்.

பேஸ்புக்கில் பெயர் போட்டு எழுதலாமா?

அவசரப்பட வேண்டாம். இங்கே அவதூறு வழக்கில் எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காக எழுதியது என்றும் காட்ட வேண்டும். நடந்ததை நடந்தபடி, வசவு இல்லாமல் எழுதுவது வேறு. "திருடன்" என்று எழுதுவது வேறு. எதுவானாலும் கோப்புகள் கைக்கு வந்த பிறகு.

கார்டு அழிந்துவிட்டது என்கிறார். அவ்வளவுதானா?

அதே கார்டில் மறுபடி எதையும் எடுக்காமல் இருந்தால் மீட்க வாய்ப்பு இருக்கிறது. அழித்த கோப்பு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை கார்டிலேயே கிடக்கும். கார்டைக் கேமராவிலிருந்து எடுத்துத் தனியாக வைக்கச் சொல்லிவிட்டு, தரவு மீட்கும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கூடவே விருந்தினர்களின் போன்களைத் திரட்டுங்கள். மேடை முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருக்கும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது நேரில் போய் யுஎஸ்பியில் எடுங்கள். வெவ்வேறு போன்களில் வந்ததை எடிட்டர் எப்படிச் சேர்ப்பார் என்று கவலை வேண்டாம். கெட்டிமேளம் தொடங்கும் அந்த முதல் அடி எல்லாப் பதிவின் ஒலி வரைபடத்திலும் உயரமான கோடாகத் தெரியும், அதை வைத்தே வரிசைப்படுத்திவிடலாம். ஒரு வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள், போனில் இடம் போதவில்லை என்று சனங்கள் அழித்துவிடுகிறார்கள்.

ட்ரோன் உண்டு என்றார், பறக்கவிடவில்லை. ஏமாற்றா?

சில சமயம் ஏமாற்று, சில சமயம் சட்டம். காசுக்கு ட்ரோன் ஓட்ட விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமமும் நிறுவனச் சான்றும் வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் தனி அனுமதி இல்லாமல் பறக்க முடியாது. டோங்காட்டும் வெருலமும் கிங் ஷாகா விமான நிலையத்துக்கு அந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றன. அங்கே கல்யாணம் என்றால், ட்ரோனுக்காகக் கூடுதல் காசு கேட்பவரிடம் உரிமத்தையும் அனுமதியையும் முதலில் காட்டச் சொல்லுங்கள்.

காவடிக்கும் பூமிதிக்கும் வீடியோ வைக்கலாமா?

முதலில் கோயில் நிர்வாகத்திடம் கேளுங்கள். உம்கேனி ரோடு கோயிலில் தைப்பூசக் காவடியானாலும், கேட்டோ மேனரில் புனித வெள்ளிப் பூமிதியானாலும் கூட்டம் நெருக்கியடிக்கும், உங்கள் ஆளுக்காக யாரும் வழிவிட மாட்டார்கள். அருள் வந்து நிற்கிறவர்களையும் வேல் குத்திக்கொள்கிறவர்களையும் அவர்கள் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் நெருங்கி எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் வீட்டு ஆளின் காவடியை மட்டும் தொடர்ந்து எடுக்கச் சொல்லுங்கள்.

சொந்தக்காரப் பையன் எடுத்துத் தருகிறேன் என்கிறான்?

எடுக்கட்டும், இரண்டாவது கேமராவாக.

கல்யாணம் தள்ளிப்போனால் முன்பணம் போய்விடுமா?

முழுசாகப் போகாது. முன்பதிவை ரத்துசெய்தால் நியாயமான ஒரு தொகையைத்தான் பிடிக்கலாம். எவ்வளவு முன்னால் சொன்னீர்கள், அந்த நாளுக்கு அவருக்கு வேறு வேலை கிடைக்குமா என்பதெல்லாம் கணக்கு. யாருக்காகப் பதிவு செய்ததோ அவர் இறந்துபோனாலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாலோ அந்தத் தொகையும் பிடிக்கக் கூடாது. நுகர்வோர் சட்டத்தின் 17ஆம் பிரிவு இது.

அடுத்த கல்யாணத்துக்கு என்னென்ன எழுதி வாங்குவீர்கள்?

வாட்ஸப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்தில் இருக்கட்டும். மூலப் பதிவு முழுவதும் நம் டிஸ்கில் வர வேண்டும், அதுவும் கல்யாணம் முடிந்த ஒரு வாரத்துக்குள், எடிட்டிங் தொடங்கும் முன்பே. பணத்தில் கடைசிப் பகுதியை அதற்குப் பிறகுதான் கொடுப்போம். பதிப்புரிமை நம்முடையது. படம் வரும் தேதி, மாதம் அல்ல, தேதி. பேசிய ஆளே வருவாரா, வேறு யாரையாவது அனுப்புவாரா? அனுப்பினால் யார்? டர்பனில் முகூர்த்த ஞாயிறுகளில் வேலை கைமாறி, அன்றைக்குக் காலையில் முன்பின் தெரியாத ஒருவர் கேமராவோடு வந்து நிற்பது சகஜமாகிவிட்டது.

கேமராவில் இரண்டு கார்டு இடம் இருக்கிறதா, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகுமா என்று கேளுங்கள். மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் தொடங்கும்வரை அவரிடம் பேட்டரி விளக்கு உண்டா என்றும் கேளுங்கள். மாதிரிக்கு டிரெய்லரைக் காட்டினால் ஏமாறாதீர்கள், ஐந்து நிமிடத்தை யாரும் அழகாகச் செய்துவிடலாம். ஒரு தமிழ்க் கல்யாணத்தின் முழு நீளப் படத்தைக் கேளுங்கள், தாலி கட்டும் இடத்துக்கு நேராக ஓட்டிப் பாருங்கள், அம்மி மிதிக்கும்போது கேமரா காலடியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த இடங்களில் பின்னணிப் பாட்டு போடக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுங்கள். எங்கள் பட்டியலில் நலங்குப் பாட்டு, கன்னிகாதானம், தாலி கட்டு, பெரியவர்களின் வாழ்த்து நான்கும் இருக்கும். சினிமாப் பாட்டு போட்ட படத்தைப் பேஸ்புக்கிலோ யூடியூபிலோ ஏற்றினால் ஒலியை முடக்கவும் வாய்ப்பு உண்டு என்பது தனிக் காரணம்.

டிஸ்க் கைக்கு வந்துவிட்டது. பிறகு?

அங்கேயே, அவர் வீட்டிலேயே, கோப்புகளைத் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவதும் அது ஓடுவதும் ஒன்றல்ல. இரண்டு கேமராவின் கோப்புகளும் தனி ஒலிப் பதிவும் இருக்கின்றனவா, முகூர்த்த நேரத்தை ஒட்டிய கோப்புகள் விடுபடாமல் வரிசையாக வருகின்றனவா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள். எங்களுடையதில் ஒன்று அக்காவிடம், மற்றொன்று ஜோகன்னஸ்பர்க்கில் தம்பியிடம். நலங்குப் பாட்டின் ஒலியை மட்டும் தனியாகப் பிரித்து எல்லோருக்கும் அனுப்பினோம், அதற்கு எடிட்டர்கூடத் தேவைப்படவில்லை. மறு எடிட்டிங்குக்கு யாரிடம் கொடுத்தாலும் பிரதியைக் கொடுங்கள், மூல டிஸ்கைக் கையை விட்டு அனுப்பாதீர்கள்.